ஜப்பான் ரயில் பாஸ்: கார்டு எண்ணைத் தரும் முன் ஒரு கணக்கு

வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் பலரும் ஆர்வத்துடன் செய்து பார்க்கும் முதல் வேலை, ரயில் டிக்கெட் எடுப்பதுதான். உள்ளூர் ரயில்களுக்கு நன்றாகப் பழகிய பிறகு, அடுத்த ஆசை வெளிநாட்டு ரயில். என்னுடன் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் பலர் ஜப்பானுக்கு வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கப் பெற்றோர் கிளம்புகிறார்கள். அப்படிக் கிளம்பும் பெரியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "தம்பி, ஜப்பான் ரயில் பாஸ்னு ஒண்ணு இருக்காமே, எவ்வளவு வேணும்னாலும் போகலாமாம். இங்கேயே வாங்கிடட்டுமா?"

என் பதில்: வாங்கலாம், ஆனால் கணக்குப் போட்ட பிறகு. ஒருவருக்கான ஏழு நாள் பாஸ் இந்திய மதிப்பில் 25,000 ரூபாயைத் தாண்டும். கணவன், மனைவி இருவருக்கும் என்றால் அரை லட்சத்துக்கு மேல். மவுஸின் ஒரு கிளிக்கில் போகிற பணம் இது. கிளிக் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

பாஸ் என்றால் என்ன?

ஜப்பானின் அரசு ரயில்வே 1987-ஆம் ஆண்டு ஏப்ரலில் தனியார்மயமாக்கப்பட்டபோது, பயணிகளுக்காக ஆறு கம்பெனிகளாகவும், சரக்குக்கு ஒரு கம்பெனியாகவும் பிரிக்கப்பட்டது. இவற்றைச் சேர்த்து ஜே.ஆர். குழுமம் என்கிறார்கள். அந்த ஆறு பயணிகள் கம்பெனிகளும் சேர்ந்து வெளிநாட்டுப் பயணிகளுக்காகத் தருவதுதான் ஜப்பான் ரயில் பாஸ். தொடர்ந்து 7, 14 அல்லது 21 நாட்கள் என மூன்று அளவுகளில் கிடைக்கிறது. சாதாரண வகுப்பு, 'கிரீன் கார்' எனப்படும் உயர் வகுப்பு என இரண்டு வகை உண்டு. 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குப் பாதி விலை.

இந்தப் பாஸ் இருந்தால் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் உட்பட பெரும்பாலான ஜே.ஆர். ரயில்களில் ஏறலாம். சீட் ரிசர்வ் செய்யத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவும்.

முதலாவது, 'தொடர்ந்து ஏழு நாட்கள்' என்றால் காலண்டர் நாட்கள். முதல் நாள் மாலையில் பயன்படுத்தத் தொடங்கினாலும் அது ஒரு முழு நாளாகவே கணக்கிடப்படும். நடுவில் இரண்டு நாள் பிள்ளை வீட்டில் ஓய்வெடுத்தால் அந்த நாட்களும் கழிந்துவிடும்.

இரண்டாவது, ஜே.ஆர். அல்லாத ரயில்களில் இந்தப் பாஸ் பொதுவாகச் செல்லாது. டோக்கியோவின் சுரங்க ரயில்கள் (மெட்ரோவும் தொயெய் பாதைகளும்), நரிதா விமான நிலையத்திலிருந்து ஓடும் ஸ்கைலைனர் ரயில் ஆகியவை வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. டோக்கியோ நகரைச் சுற்றி வரும் யமனோதே பாதை ஜே.ஆர். உடையது. அதில் பாஸ் செல்லும்.

யாருக்குக் கிடைக்கும்?

இங்கேதான் பல குடும்பங்கள் இடறுகின்றன. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால் போதாது. ஜப்பானுக்குள் நுழையும்போது 'தற்காலிகப் பார்வையாளர்' என்ற தகுதியில் நுழைந்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கரில் இந்தத் தகுதி எழுதப்பட்டிருக்கும். பாஸைக் கையில் தருவதற்கு முன் ரயில்வே ஊழியர் பார்ப்பது அதைத்தான்.

ஆகவே, சுற்றிப் பார்க்கவும் பிள்ளையைப் பார்க்கவும் செல்லும் அப்பா, அம்மாவுக்குப் பாஸ் கிடைக்கும். அங்கே வேலை விசாவில் இருக்கும் மகனுக்குக் கிடைக்காது. அவரைச் சார்ந்து குடும்ப விசாவில் இருக்கும் மருமகளுக்கும் கிடைக்காது. நால்வரும் சேர்ந்து கியோட்டோ போவதாகத் திட்டமிட்டு நான்கு பாஸ் வாங்கினால், இரண்டு பாஸ்கள் வீணாகும். மகனும் மருமகளும் சாதாரண டிக்கெட்தான் எடுக்க வேண்டும். நிலையத்தில் உள்ள ஜே.ஆர். டிக்கெட் கவுண்ட்டரில் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டால், இடம் இருக்கும் வண்டியில் அருகருகே சீட் போட்டுத் தருவார்கள்.

2023-இல் மாறிய விலை

பாஸைப் பற்றிய பழைய பயண நூல்களும் கட்டுரைகளும் ஒரே குரலில், "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று சொல்லும். அவை எழுதப்பட்ட காலத்தில் அது சரியான ஆலோசனைதான். ஏழு நாள் சாதாரணப் பாஸின் விலை அப்போது 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய 28,000 யென் ஆகும். இன்னும் ஓரிரண்டு ரயில்களில் ஏறினால் பாஸ் லாபம்.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி விலை மாறியது. ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆனது. 14 நாள் பாஸ் 80,000 யென், 21 நாள் பாஸ் 1,00,000 யென். கிரீன் கார் வகையில் ஏழு நாளுக்கு 70,000 யென். சாதாரண ஏழு நாள் பாஸில் இது 68 சதவீதத்துக்கும் மேலான உயர்வு. தனி டிக்கெட் கட்டணம் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதனால்தான் பழைய ஆலோசனை இன்று பல பயணங்களுக்குப் பொருந்துவதில்லை.

எனவே இன்டர்நெட்டில் பாஸ் பற்றி எதைப் படித்தாலும், அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். கீழே உள்ள கணக்குகளில் 50,000 யென் விலையையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்கும் நாளில் தளத்தில் உள்ள விலையைப் போட்டுப் பார்க்கவும்.

கட்டணத்தைத் தெரிந்துகொள்வது எப்படி?

ஜப்பானில் வேக ரயில் டிக்கெட் இரண்டு பகுதிகளைக் கொண்டது. தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று. வேக ரயிலுக்கும் சீட்டுக்குமான கூடுதல் கட்டணம் மற்றொன்று. நம் ஊரில் அடிப்படைக் கட்டணத்துடன் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் ரிசர்வேஷன் கட்டணமும் சேர்வது போலத்தான். தளங்களில் இவை தனித்தனியாகக் காட்டப்படலாம். இரண்டையும் கூட்டிய தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு 'ஜப்பான் டிராவல் பை நாவிடைம்', 'ஜோருடான்' ஆகிய தளங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. புறப்படும் நிலையம், சேரும் நிலையம், தேதி ஆகியவற்றைத் தந்து தேடினால் ரயில்களும் கட்டணமும் வரும். கூகுள் மேப்ஸில் பொதுப் போக்குவரத்து வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தோராயமான கட்டணம் கிடைக்கும். பழைய கட்டுரைகளில் 'ஹைப்பர்டியா' என்ற தளத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதன் ரயில் தேடல் சேவை 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிலையப் பெயரில் ஒரு சிறு எச்சரிக்கை. ஒசாகாவுக்குச் செல்லும் புல்லட் ரயில் நிற்பது 'ஷின்-ஒசாகா' நிலையத்தில். 'ஒசாகா' நிலையம் வேறு. அதேபோல ஃபுகுவோகா நகருக்கான புல்லட் ரயில் நிலையத்தின் பெயர் 'ஹகாதா'. சென்னை வருபவர் எழும்பூரா சென்ட்ரலா என்று பார்ப்பது போல, இதையும் சரி பார்க்கவும்.

எக்ஸெலில் ஐந்து நிமிட வேலை

கம்ப்யூட்டரில் எக்ஸெல் அல்லது அது போன்ற ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் எதுவாக இருந்தாலும் திறந்துகொள்ளுங்கள். புதிய ஷீட்டில் நான்கு நெட்டு வரிசைகள் போதும். முதல் வரிசையில் தேதி. இரண்டாவதில் எங்கிருந்து எங்கே. மூன்றாவதில் ஒருவருக்கான கட்டணம் யென்னில். நான்காவதில் அந்த வண்டி ஜே.ஆர். உடையதா, இல்லையா. ஜே.ஆர். அல்லாதவற்றின் கட்டணத்தை இந்தக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. பாஸ் வாங்கினாலும் அந்தப் பணத்தை நீங்கள் தனியாகத்தான் தரப் போகிறீர்கள்.

எல்லாவற்றையும் நிரப்பிய பின், கட்டண வரிசைக்குக் கீழே உள்ள காலிக் கட்டத்தில் கர்சரை வைத்து, மேலே டூல் பாரில் உள்ள 'ஆட்டோசம்' பட்டனைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். கூட்டுத் தொகை வந்துவிடும். பாஸ் விலையை அதனுடன் ஒப்பிடுங்கள். கூட்டும்போது பாஸ் செல்லும் ஏழு நாட்களுக்குள் வரும் பயணங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் நாள் பயணத்தைச் சேர்த்துவிட்டுப் பாஸ் லாபம் என்று நினைக்கக் கூடாது.

மூன்று பயணங்கள், மூன்று விடைகள்

இனி மூன்று வகைப் பயணங்களைப் பார்ப்போம். தொகைகள் ஒருவருக்கு, ரிசர்வ் சீட்டுடன், தோராயமானவை.

முதல் பயணம், பெரும்பாலோர் போவது. நரிதா விமான நிலையத்திலிருந்து நரிதா எக்ஸ்பிரஸில் டோக்கியோ வந்து, பயணத்தின் இறுதியில் அதே ரயிலில் திரும்புவது, இரண்டும் சேர்த்து 6,500 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ 14,000. கியோட்டோவிலிருந்து ஒசாகா சாதாரண விரைவு ரயிலில் 600. ஷின்-ஒசாகாவிலிருந்து டோக்கியோ 14,500. மொத்தம் 35,600 யென். பாஸ் வாங்கினால் ஒருவருக்கு 14,400 யென் நஷ்டம். இருவருக்கு 28,800 யென். பழைய விலையில் இதே பயணத்துக்குப் பாஸ் ஏறக்குறைய 6,000 யென் லாபமாக இருந்தது. விடை எப்படித் தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

இரண்டாவது பயணம், ஹிரோஷிமாவையும் சேர்ப்பது. டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா 19,000. ஹிரோஷிமாவிலிருந்து கியோட்டோ 11,000. கியோட்டோவிலிருந்து டோக்கியோ 14,000. விமான நிலைய ரயில் 6,500. மொத்தம் 50,500 யென். பாஸும் தனி டிக்கெட்டும் கிட்டத்தட்டச் சமம்.

சமம் என்றால் எதை எடுப்பது? இங்கே 'நொஸோமி' என்ற வண்டியைப் பற்றித் தெரிய வேண்டும். டோக்கியோவுக்கும் ஹகாதாவுக்கும் இடையே அதிகம் ஓடுவதும், மிக வேகமானதும் நொஸோமிதான். சாதாரணப் பாஸில் அதில் ஏற முடியாது. 2023 அக்டோபரிலிருந்து கூடுதல் பணம் கட்டினால் ஏறலாம் என்று மாற்றினார்கள். டோக்கியோ–கியோட்டோ ஒரு வழிக்கு அப்போது வைத்த கூடுதல் கட்டணம் 4,960 யென். டோக்கியோ–ஹிரோஷிமாவுக்கு 6,500 யென். கூடுதல் கட்டணம் தராதவர்கள் 'ஹிகாரி' வண்டியில் சென்று, ஹிரோஷிமாவுக்கு வழியில் மாறிச் செல்ல வேண்டும். தனி டிக்கெட் எடுத்தவர் டோக்கியோவில் ஏறி நேரே ஹிரோஷிமாவில் இறங்குவார். பெட்டி படுக்கையோடு செல்லும் பெரியவர்களுக்கு வண்டி மாறாமல் செல்வது பெரிய வசதி. ஆகவே கணக்கு சமமாக வந்தால், நான் தனி டிக்கெட்டையே சொல்வேன்.

மூன்றாவது, நீண்ட பயணம். டோக்கியோவிலிருந்து ஹகாதா போய் வர 46,000. வடக்கே செண்டாய் போய் வர ஏறக்குறைய 23,000. விமான நிலைய ரயில் 6,500. மொத்தம் 75,500 யென். இங்கே பாஸ் 25,500 யென் மிச்சம் தருகிறது. ஏழு நாட்களுக்குள் நாட்டின் இரு திசைகளிலும் நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பாஸ் இன்றும் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பாஸ் விலையை ஈடுகட்டுவதற்காகப் பயணத்தைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். பேரக்குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில், "பாஸ் வீணாகிறதே" என்று தினமும் ஐந்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்திருப்பது லாபம் ஆகாது.

நடுவில் ஒரு வழியும் உண்டு. ஒவ்வொரு ஜே.ஆர். கம்பெனியும் தன் பகுதிக்கு மட்டுமான பாஸ்களைத் தருகிறது. மேற்கு ஜப்பானுக்கான கன்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ் அப்படிப்பட்டது. தொடர்ந்து ஐந்து நாட்கள் செல்லும். ஷின்-ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே நொஸோமியிலும் இதைக் கொண்டு போகலாம். ஒரே பகுதியில் சுற்றுபவர்கள் இந்த வகைப் பாஸ்களையும் ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்த்து ஒப்பிடவும்.

எந்தத் தளத்தில் வாங்குவது?

கூகுளில் பாஸின் பெயரைத் தட்டித் தேடினால் பல தளங்கள் வரும். மேலே வரும் சில முடிவுகள் விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அவற்றில் நேர்மையான ஏஜென்டுகளும் உண்டு. போலிகளும் நுழையலாம். எனவே தேடல் முடிவைக் கிளிக் செய்யாமல், முகவரியை நீங்களே டைப் செய்து செல்லுங்கள்.

ஜே.ஆர். குழுமத்தின் விற்பனைத் தளத்தின் முகவரியில் 'ஜப்பான் ரயில் பாஸ்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்கள் இடைவெளி இல்லாமல் சேர்ந்து வரும். அடுத்து ஒரு சிறு கோடு, பின் 'ரிசர்வேஷன்' என்ற சொல், கடைசியில் டாட் நெட். 'ரிசர்வேஷன்' இல்லாமல் வெறும் ஜப்பான்ரயில்பாஸ் டாட் நெட் என்பது தகவல்களுக்கான அதிகாரப்பூர்வத் தளம். முதலில் தகவல் தளத்துக்குச் சென்று, அங்கிருந்து வாங்கும் பக்கத்துக்கான லிங்க்கைக் கிளிக் செய்வது எளிது.

முகவரியைப் படிக்கும் முறையையும் சொல்கிறேன். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியைப் பாருங்கள். அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படிக்கவும். டாட் நெட்டுக்கு ஒட்டி முன்னால் இருக்கும் சொல்தான் தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும். இடது ஓரத்தில் 'ஜப்பான் ரயில்' என்று இருந்து, கடைசியில் சம்பந்தமில்லாத வேறு பெயர் இருந்தால் வெளியேறிவிடுங்கள். பூட்டுச் சின்னம் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே தகவல் சங்கேதமாக்கப்பட்டுச் செல்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தளம் நடத்துபவர் நல்லவரா என்று அது சொல்லாது. போலித் தளமும் பூட்டுச் சின்னம் பெறலாம்.

ஏஜென்டிடம் வாங்கினால் கையில் வருவது பாஸ் அல்ல, 'எக்ஸ்சேஞ்ச் ஆர்டர்' என்ற சீட்டு. அதை ஜப்பானில் கொடுத்துப் பாஸாக மாற்ற வேண்டும். சீட்டு தரப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றாவிட்டால் செல்லாது. ஆறு மாதம் கழித்துப் போகப் போகிறவர் இன்றே வாங்கக் கூடாது.

விசா வரும் வரையும் வாங்க வேண்டாம். இந்தியர்களுக்கு ஜப்பான் 2024 ஏப்ரலிலிருந்து குறுகிய காலச் சுற்றுலாவுக்கு இ-விசா தருகிறது. விண்ணப்பத்துடன் பயணத் திட்டத்தை எழுதித் தர வேண்டும். அதற்காகப் பாஸை முன்கூட்டியே வாங்க வேண்டிய தேவை இல்லை. விசா தாமதமானால் பாஸ் பணத்தைத் திரும்பப் பெறுவதில் பிடித்தம் இருக்கும். ஏஜென்டுக்கு ஏஜென்ட் இந்த விதி மாறும். பணம் கட்டும் முன் கேன்சல் விதிகளை ஒரு முறை படித்து, அந்தப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைக்கவும்.

கார்டைத் தயார் செய்யுங்கள்

படிவம் முழுவதும் நிரப்பி, கடைசியில் "கார்டு ஏற்கப்படவில்லை" என்று வந்தால், தளத்தில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் 1 முதல், புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டே வருகிறது. வங்கியின் தளத்திலோ மொபைல் ஆப்பிலோ கார்டு அமைப்புகளுக்குச் சென்று, வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை நீங்கள்தான் இயக்க வேண்டும். அங்கேயே உச்சவரம்பையும் அமைக்கலாம். வாங்கப் போகும் தொகைக்குச் சற்று மேலே மட்டும் வையுங்கள்.

வாங்கி முடித்ததும் அந்த ஸ்விட்சை மறுபடி அணைத்துவிடவும். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓ.டி.பி. கேட்காமலே கார்டிலிருந்து பணம் எடுக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் முக்கியம்.

ஓ.டி.பி. கேட்கும் தளங்களில் வேறு சிக்கல். அது உங்கள் இந்திய மொபைல் எண்ணுக்குத்தான் வரும். ஜப்பானில் இறங்கி அங்குள்ள சிம் போட்டுக்கொண்ட பிறகு டிக்கெட் எடுக்க முயன்றால் ஓ.டி.பி. கைக்கு வராது. எனவே பெரிய டிக்கெட்டுகளை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அல்லது இந்திய சிம்மில் ரோமிங் வசதி பெற்றுச் செல்லுங்கள்.

யென்னில் விலை இருக்க, "ரூபாயில் செலுத்தலாமா?" என்று சில தளங்கள் கேட்கும். ரூபாய் என்றால் எளிதாகத் தோன்றும். ஆனால் அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகம். யென்னையே தேர்ந்தெடுங்கள். உங்கள் வங்கியும் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். பல கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை. அதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. இதையும் ஷீட்டில் ஒரு வரியாகச் சேருங்கள்.

இந்த வேலைகளை பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டாம். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் போன் செய்யவும். நேரம் தாழ்த்தாமல் சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

படிவம் நிரப்பும்போது

நம்மவர்களுக்கு வரும் முதல் தலைவலி, பெயர். ஆங்கிலப் படிவத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ அப்பா பெயரின் இனிஷியல்தான் உண்டு. ரேஷன் கார்டில் இருப்பது போல எழுத வேண்டாம். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியுள்ளதோ, அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே டைப் செய்யவும். சில பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் விற்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எப்படி நிரப்புவது என்று கேளுங்கள். வரும் பதிலை பிரிண்ட் எடுத்துப் பாஸ்போர்ட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியை ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். நாம் எழுதும் வரிசைக்கு நேர் எதிர். உறுதி செய்யும் பக்கத்தில் தேதியை நிதானமாகப் பார்க்கவும். பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். தளத்தில் உள்ள ஆங்கிலப் பக்கத்தையே பயன்படுத்துங்கள்.

சீட் ரிசர்வேஷன் பொதுவாகப் பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அது நம் ஊரில் காலை 6.30. விடுமுறைக் காலங்களில் இந்த நேரம் முக்கியம்.

தனி டிக்கெட் எடுப்பது எப்படி?

கணக்கு பாஸுக்கு எதிராக வந்தவர்கள் தனி டிக்கெட் எடுக்கலாம். டோக்கியோ, கியோட்டோ, ஷின்-ஒசாகா, ஹிரோஷிமா, ஹகாதா வழியாகச் செல்லும் ஷின்கான்சென் பாதைக்கு 'ஸ்மார்ட் இ.எக்ஸ்.' என்ற தளம் உள்ளது. ஆங்கிலப் பக்கம் உண்டு. உறுப்பினர் கட்டணம் இல்லை. பெயர், மின்னஞ்சல், கார்டு விவரம் தந்து பதிவு செய்யலாம். கார்டு, ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு வசதி உள்ளதாக இருக்க வேண்டும்.

முன்கூட்டியே எடுத்தால் சில வண்டிகளுக்குத் தள்ளுபடி கிடைக்கும். வழக்கமான டிக்கெட்டில் வண்டி புறப்படும் வரை நேரத்தை மாற்றிக்கொள்ளவும் முடியும். பணம் கட்டியபின் கியூ.ஆர். குறியீடு பெறலாம். அதை நிலையத்தின் தானியங்கிக் கதவில் காட்டி உள்ளே போகலாம். வடக்கே செண்டாய் போன்ற ஊர்களுக்கு இந்தத் தளம் உதவாது. அந்தப் பாதைகளுக்கு ஜே.ஆர். ஈஸ்ட் கம்பெனியின் ரிசர்வேஷன் தளத்தைப் பயன்படுத்த வேண்டும்.

புக் செய்யும்போது பெட்டியின் அளவையும் பாருங்கள். இந்தப் புல்லட் ரயில் பாதையில் 2020 மே மாதத்திலிருந்து ஒரு விதி உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் உள்ள பெட்டிக்கு, பின்னால் பெட்டி வைக்கும் இடம் உள்ள சீட்டை ரிசர்வ் செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ரிசர்வ் செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென் கேட்பார்கள். வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பாஸைக் கையில் பெறும்போது

பாஸ் வாங்கியவர்கள் ஜப்பானில் பெரிய ஜே.ஆர். நிலையங்களின் கவுண்ட்டரில் அதைப் பெற வேண்டும். நரிதா போன்ற விமான நிலையங்களில் உள்ள நிலையங்களிலும் கவுண்ட்டர் உண்டு. அசல் பாஸ்போர்ட் தேவை, ஜெராக்ஸ் செல்லாது. அங்கே பாஸ் தொடங்கும் தேதியை உறுதி செய்வார்கள். இறங்கிய நாளையே தொடக்க நாளாகப் போட வேண்டியதில்லை. முதல் மூன்று நாள் பிள்ளை வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் நான்காம் நாளைச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் இறங்கிய நாளில் நரிதா எக்ஸ்பிரஸுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். முன்பு போட்ட கணக்கிலும் அந்தத் தொகையைப் பாஸ் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். கையில் வரும் பாஸ் சிறிய தாள் அட்டைதான். தொலைந்தால் மறுபடி தர மாட்டார்கள்.

கடைசியாக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திவிடுகிறேன். முதலில் விசா. அடுத்து எக்ஸெல் ஷீட்டில் பயணக் கணக்கு. பாஸ், பகுதிப் பாஸ், தனி டிக்கெட் மூன்றையும் ஒப்பிட்டு முடிவு. பிறகு கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்குதல். முகவரியை டைப் செய்து தளத்துக்குச் செல்லுதல். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்புதல். உறுதிக் கடிதத்தை இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வைத்தல். முடிவில் கார்டின் வெளிநாட்டு ஸ்விட்சை அணைத்தல். இந்த வரிசை மாறாமல் செய்தால் போதும், மிச்சமாகும் யென் பேரக்குழந்தைக்குப் பொம்மை வாங்க உதவும்.